துரை பங்களாவில் பரதநாட்டியமும் விருந்தும்: ஆட்டம் அருமை, ஏற்பாடுதான் இடிக்கிறது

நேராகவே சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு பழைய துரை பங்களாவை, அதாவது வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரி வீட்டை, பழுது பார்த்து, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு நடனமும் விருந்தும் என்று நடத்துகிறார்களே, அதற்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். ஆளுக்கு 180 வெள்ளி (ரிங்கிட்). ஆட்டத்துக்கு மட்டும் என்றால் அந்தக் காசைத் தயங்காமல் கொடுப்பேன், சாப்பாட்டுக்கு என்றால் 40 வெள்ளியே அதிகம். இரண்டையும் தனித்தனியாக வாங்க முடியாது என்பதுதான் சிக்கல். பங்களாவின் பெயரை நான் போடவில்லை, இந்த வட்டாரத்து ஆட்களுக்கு எந்த மேடு என்று படித்தவுடனே தெரிந்துவிடும்.

நான், மனைவி, பரதம் கற்றுக்கொண்டிருக்கும் மகள், அப்புறம் அத்தை, அதாவது மனைவியின் அம்மா. அத்தை இந்தப் பக்கத்துத் தோட்டத்திலேயே பிறந்து, தலை நரைக்கும்வரை பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். முதலில் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். "அந்தக் காலத்துல பங்களா பின்படியிலகூட நின்னதில்ல, இப்பக் காசு குடுத்து உள்ள போகணுமா?" என்றார். பேத்தி கெஞ்சியதால் வந்தார்.

வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது, சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). ரப்பர் காலத்தில் கட்டிய வீடு, இப்போது சுற்றுவட்டாரத்தில் ஒரு ரப்பர் மரம்கூடக் கண்ணில் படவில்லை. பெரிய ரோட்டிலிருந்து திரும்பியபின் கடைசிக் கொஞ்ச தூரம் செம்மண் பாதை, விளக்கு கிடையாது, சின்னக் காரில் போகிறவர்கள் நிதானமாகப் போங்கள். வீட்டைக் கெடுக்காமல் பழுது பார்த்திருக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். செங்கல் தூண்களின்மேல் தூக்கிக் கட்டிய மரவீடு, அகலமான வராந்தா, ஆள் உயரச் சன்னல்கள், எட்டாத உயரத்தில் கூரை. ஏர்கோன் போடவில்லை, தேவையும் இல்லை, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. துரைமார் மேட்டில் வீடு கட்டியதற்குக் காற்று ஒரு காரணம், கீழே தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது இன்னொன்று என்று அத்தை காரிலேயே சொல்லிவிட்டார். முன்வாசல் படிகள் செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். பின்பக்கம் சாய்தளம் இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் திறந்துவிடுகிறார்கள். முட்டி வலிக்கு அதுதான் சரி என்று அத்தை கடைசியில் பின்பக்கமாகவே உள்ளே போனார். "பாத்தியா, இப்பவும் அதே வழிதான்" என்று சிரித்தார்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். நட்டுவாங்கம் (கைத்தாளம் தட்டி ஜதி என்னும் தாளச் சொற்களைச் சொல்வது), பாட்டு, மிருதங்கம், வயலின் என்று நாலு பேர் உட்கார்ந்து நேரடியாக வாசித்தார்கள். தோட்டப் பக்கத்து ஊர்களில் இது லேசில் கிடைக்காது. கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் எங்கள் பிள்ளைகள் ஆடுவதெல்லாம் போனிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் பாட்டுக்குத்தான், அந்தப் பாட்டு யாருக்காகவும் நிற்காது, கால் தவறினாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இங்கே வர்ணம் என்ற நீண்ட உருப்படி பாதி போய்க்கொண்டிருந்தபோது பேராக் மழை வழக்கம்போலச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வராந்தாவின் தகரக் கூரையில் அடித்த அடியில் வயலின் காணாமல் போய்விட்டது, பாட்டுக்காரம்மாவின் குரலும் பாதிதான் கேட்டது. நட்டுவாங்கம் பிடித்தவர் தாளத்தை இன்னும் அழுத்தித் தட்டி, ஜதியை அடித்தொண்டையிலிருந்து எடுத்தார், மிருதங்கக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார், ஆடிய பெண் அவர்கள் பக்கம் ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு, தீர்மானத்தை, அதாவது அந்த ஜதிக்கான அடவுக் கோவையை, மூன்றாம் காலத்து வேகத்தில் ஒரு எழுத்து பிசகாமல் முடித்து, தாளம் தொடங்கும் சமத்தில் வந்து நின்றது. நான் மட்டுமில்லை, பக்கத்து மேசையில் அதுவரை போனைத் தடவிக்கொண்டிருந்தவரும் கை தட்டினார்.

இதில் வீட்டுக்கும் பங்கு உண்டு. பழைய கெட்டிப் பலகைத் தரை, அடியில் வெற்றிடம். சிமெண்டுத் தரையில் தட்டினால் முட்டிக்குத்தான் வலி, சத்தம் வராது. இங்கே தட்டடவு ஒவ்வொன்றும் மரத்துக்குள் இறங்கித் திரும்பி வருகிறது, சலங்கைச் சத்தம் அதன்மேல் தனியாகக் கேட்கிறது. உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் கால் வழியாகவே தாளம் ஏறுகிறது. கோலாலம்பூரில் பெரிய அரங்குகளில் பார்த்திருக்கிறேன், இது கிடைத்ததில்லை.

அலாரிப்பு, ஜதிஸ்வரம், பைரவியில் வர்ணம், ஒரு பதம், தில்லானா. சப்தம் என்ற உருப்படியை விட்டுவிட்டார்கள், நேரம் கருதி இருக்கலாம். வர்ணம் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு நேரமும் அரைமண்டி இறக்கம் குறையவில்லை. "இந்தப் பிள்ள முட்டிய மடக்கினபடியே எவ்வளவு நேரம் நிக்குது, நமக்கு மங்கு (பால் சேரும் கிண்ணம்) எடுக்கக் குனிஞ்சா நிமிர முடியாது" என்று அத்தை வியந்துகொண்டே இருந்தார். இடையில் ஒடிசா மாநிலத்து நடனமான ஒடிசியும் ஒன்று இருந்தது. இசை பதிவு செய்ததுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன், அதற்குரிய மர்தள மேளம் வாசிக்க ஆள் பிடிப்பது இங்கே பெரும்பாடு. 1983இல் நடனக் கலைஞர் ரம்லி இப்ராஹிம் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கியதிலிருந்து மலேசியாவில் ஒடிசிக்கு நல்ல அடித்தளம் உண்டு, அதனால் ஆடுகிறவர்களின் தரம் கீழே போவதில்லை. சௌக்கா, திரிபங்கி என்ற நிலைகள் எல்லாம் சுத்தம், வெள்ளி நகையும் தலையில் தாஹியா என்ற அந்த வெள்ளைக் கிரீடமுமாக ஆடியதிலிருந்து மகள் கண்ணை எடுக்கவில்லை.

இனி ஏற்பாடு. ஊறுகாய் மாதிரி, சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள நடனத்தை வைத்திருக்கிறார்கள். வட்ட மேசைகள், வெள்ளைத் துணி, முள்கரண்டி எல்லாம் பிரமாதம், ஆனால் ஆடும் இடமும் நாம் உட்காரும் இடமும் ஒரே மட்டம். மூன்றாவது மேசைக்கு அப்பால் இருப்பவர்களுக்கு இடுப்புக்கு மேல்தான் தெரியும். பரதத்தில் கால் தெரியவில்லை என்றால் பாதி போச்சு. பிள்ளைகள் எழுந்துபோய் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். பரிமாறிக்கொண்டிருந்த பையன் ஒருவன் அவர்களை எழுப்ப வந்தான். "தம்பி, பாக்கட்டும்பா, விடு" என்றேன். "சரிண்ணே, மேனேஜர் கேட்டா நீங்க சொல்லிக்குங்க" என்று போய்விட்டான். நல்ல பையன்.

இன்னொரு குறை அதைவிடப் பெரியது. வர்ணம் நடக்கும்போதே சூப் வருகிறது. பதம் நடக்கும்போது சிக்கன் சாப் வருகிறது. பதம் என்பது முழுக்க முகத்தில் நடப்பது, தலைவி தோழியிடம் குறை சொல்கிறாள், ஒரே வரியை நாலு விதமாகப் பிடித்துக் காட்டுகிறாள், ஒரு புருவம் ஏறுவதில் அர்த்தம் மாறுகிறது. அந்த நேரத்தில் நமக்கும் அவளுக்கும் நடுவே தட்டு போகிறது, "கோழியா, ஆடா?" என்று காதுக்குள் கேட்கிறார்கள், பின்னால் கரண்டி கிண்கிணி என்று ஒலிக்கிறது. இதைச் சரிசெய்ய ஒரு காசு செலவில்லை. ஆட்டம் முடிந்தபின் சோறு போட்டால் போதும். எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குச் சாப்பிட்டால் யாரும் பட்டினியால் சாகப்போவதில்லை.

தொகுத்து வழங்கியவர் ஆங்கிலத்திலும் மலாயிலும் பேசினார். வர்ணம் தமிழில், பதம் தமிழில், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் தமிழர்கள், தமிழில் ஒரு வாக்கியம் கிடையாது. பேசியதிலாவது சரக்கு இருந்ததா என்றால், ஐயாயிரம் ஆண்டாக மாறாமல் வரும் கோயில் நடனம் என்று ஆரம்பித்தார். உண்மையில் நாம் பார்த்த வரிசை, அலாரிப்பிலிருந்து தில்லானா வரை, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்தியது. அப்போது அதற்குச் சதிர் என்று பெயர், பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது 1930களில்தான். பரம்பரையாகச் சதிர் ஆடிவந்த பெண்களை ஒதுக்கிவிட்டு அந்த ஆட்டம் மேடைக்கு வந்த கதையும் அதில் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம், அந்த ஐயாயிரம் ஆண்டைவிடச் சுவாரசியமாகவும் இருக்கும்.

சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், அவர்களும் சமைக்கும்போது அப்படித்தான் முடித்திருப்பார்கள் போல. பழைய பங்களாச் சாப்பாடு என்று பட்டியல் போட்டிருந்தார்கள். மிளகுத்தண்ணி சூப்பில் மிளகு இல்லை. சிக்கன் சாப் என்பது துரைமார் வீடுகளில் ஹைனான் சமையல்காரர்கள் ஆக்கிப்போட்டுப் பழக்கிய பண்டம், ஈப்போவில் பழைய கோப்பிக்கடைகளில் இன்றைக்கும் மொறுமொறுப்பாகக் கிடைக்கும், இங்கே மாவு ஊறிச் சொதசொதவென்று வந்தது. ஆட்டிறைச்சிப் பெரட்டல் மட்டும் நன்றாக இருந்தது, சோறு கூடக் கேட்டால் தந்தார்கள். சைவம் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தும் மனைவிக்கு வேகவைத்த காய்கறித் தட்டு ஒன்றுதான். கடைசியில் குலா மலாக்கா (வெல்லப்பாகு) ஊற்றிய சாகோ (ஜவ்வரிசி), அதற்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மகள் இரண்டு கிண்ணம் காலி செய்தாள். ஊருக்குள் வாழை இலைக் கடையில் 12 வெள்ளிக்கு இதைவிடத் திருப்தியாகச் சாப்பிடலாம்.

இடைவேளையில் சுவர்ப் படங்களைப் பார்த்தோம். தொப்பி போட்ட துரைகள், டென்னிஸ் ஆடும் துரைகள், செத்த புலிமேல் காலை வைத்த துரை. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுடப்பட்டதையும், அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க வெள்ளைக்கார ஆட்சியின் அவசரகாலம் வந்ததையும் ஒரு முழுப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டியதுதான், வரலாறு. ஆனால் அதே அவசரகாலத்தில் தோட்டத்து மக்களை முள்வேலிக்குள் அடைத்ததும், அரிசியை அளந்து கொடுத்ததும், வெளியே போகும்போது சோதனை போட்டதும் எங்கும் இல்லை. "நாங்க முள்ளுக்கம்பிக்குள்ளதான் வெளையாடினோம்" என்றார் அத்தை, சாதாரணமாக. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, 1960இல், தொழிலாளர்களைப் பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கவைத்த கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர், அவர் படமும் இல்லை. வேலை வாங்கும் கங்காணி இல்லை, கணக்கெழுதும் கிராணி இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை இல்லை. பத்து காஜாவில் கெல்லி மாளிகைக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேலை செய்ய வந்த மக்கள் கூரைச் சிலைகளோடு சிலையாகத் தொப்பி போட்ட ஒரு துரையையும் நிற்க வைத்திருக்கிறார்கள், அது மாளிகையைக் கட்டிய கெல்லி ஸ்மித்தான் என்பார்கள். அவர்கள் கோயிலில் துரைக்கு இடம் கொடுத்தார்கள், இந்தத் துரை வீட்டுச் சுவரில் அவர்களில் ஒருவருக்கும் இடமில்லை.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பால் கத்தியும் மங்கும் மட்டும் இருந்தன. விளக்கக் குறிப்பு கிடையாது. ஈப்போவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இது என்ன என்று யோசித்துக்கொண்டிருக்க, அத்தை தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும், அதனால் இருட்டோடு தலைவிளக்கு கட்டிக்கொண்டு போவது, பட்டையைச் சாய்வாக மெல்லிசாகச் சீவுவது, ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம், கங்காணி வாயில் வசவு, மழை வந்தால் மங்கில் தண்ணீர் சேர்ந்து அன்றைய கூலியில் மண். சுற்றிப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒரு சீனப் பாட்டி, தானும் வெட்டியிருக்கிறேன் என்று மலாயில் சொல்லி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். தொகுப்பாளரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் முதல் இப்படி ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்தால் அந்த 180 வெள்ளியைப் பற்றி நான் வாயே திறக்கமாட்டேன்.

கிளம்பும்போது மேனேஜரிடம், நடனத்துக்கு மட்டும் டிக்கெட் தரலாமே, ஊரில் எத்தனை பிள்ளைகள் பரதம் படிக்கிறார்கள், அவர்கள் அப்பா அம்மாவால் இந்த விலை கொடுக்க முடியாது என்று கேட்டேன். மேசை கணக்கில்தான் விற்கிறோம் என்றார். வராந்தாவில் பாய் போட்டு 30 வெள்ளிக்கு விடுங்கள், சாப்பாடு வேண்டாம் என்றேன். மேலிடத்தில் சொல்கிறேன் என்றார். மரியாதையாகத்தான் பேசினார், பார்ப்போம்.

போகிறவர்கள் பதிவு செய்யும்போதே முன் மேசை வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள், கேட்காதவர்களுக்குத் தூணுக்குப் பின்னால்தான். சைவக்காரர்கள் ஊரில் பசியாறிவிட்டே மேடு ஏறுங்கள். கொசு மருந்து கட்டாயம், வராந்தாப் பக்கம் உட்கார்ந்தால் இரண்டு மடங்கு.