ஃபைப்ரோமயால்ஜியா வலி: மாத்திரை, நடை, நீச்சல் குளம், எண்ணெய் – டர்பன்வாசிகளுக்கு எது எவ்வளவு உதவும்?

உடம்பு முழுக்க வலியும் அசதியும் தரும் நாட்பட்ட நோயான ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு எந்த மாத்திரை நல்லது என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்களை அதிகம் படுத்துவது வலியா, தூக்கமின்மையா, நாள் முழுக்க விடாத அசதியா? பதிலைப் பொறுத்து மருந்து மாறும். உடலை அசைக்க வேண்டும் என்பது மட்டும் மாறாது. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு 2016-ல் வெளியிட்ட பரிந்துரைகளில் ‘உறுதியாக’ என்ற முத்திரை உடற்பயிற்சிக்கு மட்டுமே கிடைத்தது. மருந்துகள், அக்குபங்சர், வெந்நீர்ச் சிகிச்சை எல்லாம் அதற்கு ஒரு படி கீழேதான். ஆகவே மாத்திரையை எடைபோடும்போதும், ‘இதைச் சாப்பிட்டால் நாளைக்கு நடக்க முடிகிறதா?’ என்பதையே இங்கே அளவுகோலாக வைத்திருக்கிறோம்.

ஒப்பிடும் முன் வந்திருப்பது அந்த நோய்தானா என்று தெரிய வேண்டும். பதினெட்டு இடங்களை அழுத்தி, பதினொன்றில் வலித்தால் நோய் உண்டு என்று சொல்வது 1990-ஆம் ஆண்டின் முறை. 2010 முதல் உடலின் 19 பகுதிகளில் எத்தனை வலிக்கின்றன, தூக்கம், அசதி, மறதி எப்படி, மூன்று மாதமாவது நீடித்ததா என்று கேட்டே முடிவு செய்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் இந்த நோய் தெரியாது. ஆனால் இதைப் போலவே வேடம் போடும் நோய்கள் தெரியும். தைராய்டு, ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சர்க்கரையும் கொழுப்பும் இல்லாத வீடு அரிது. கொழுப்புக்காகத் தரப்படும் ஸ்டாட்டின் மாத்திரையே தசைவலி தரக்கூடியது. மருந்து தொடங்கிய தேதியையும் வலி தொடங்கிய தேதியையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி, தசைச் சிதைவைக் காட்டும் ‘சிகே’ பரிசோதனை கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கவுண்டரில் கிடைக்கும் வலிமாத்திரைகள்

இவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் போட்டியிலேயே இவை இல்லை. ப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை வீக்கத்தைக் குறைத்து வலியைக் குறைப்பவை. ஃபைப்ரோமயால்ஜியாவில் தசையிலோ மூட்டிலோ வீக்கம் கிடையாது. நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் விதம்தான் மாறிப்போயிருக்கிறது. அதனால் இந்த மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்குமே தவிர வலியை அதிகம் தொடாது. கூடவே முழங்கால் தேய்மானம் இருந்தால் அந்த வலிக்கு உதவலாம்.

இவற்றைவிட மோசம், அபின் வகை மருந்தான கோடீன் கலந்த மாத்திரைகள். மருந்துச்சீட்டு இல்லாமல், பெயரை எழுதிக்கொண்டு கொடுக்கிறார்கள் என்பதால் லேசான மருந்து என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மாதத்தில் பத்து நாளுக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்; அந்தத் தலைவலிக்கு மறுபடி அதே மாத்திரை. இவற்றில் பல பாராசிட்டமாலும் சேர்ந்தவை. மேலே அதே பாராசிட்டமாலான பனடோவும் போட்டால் ஒரு நாளைய உச்ச வரம்பான 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரையில் எட்டு, தெரியாமலே தாண்டிவிடும்.

மூன்று மாத்திரைகள்: அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெட்டின், பிரிகாபலின்

உண்மையான போட்டி இங்கேதான். மூன்றுக்கும் மருந்துச்சீட்டு வேண்டும். மூன்றும் எல்லோருக்கும் வேலை செய்வதில்லை. பிரிகாபலினை எடுத்துக்கொண்டால், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் கூடுதலாகப் பெரிய நிவாரணம் கண்டவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம். இல்லாவிட்டால் வருடக்கணக்கில் விழுங்குவதில் அர்த்தமில்லை.

தூக்கம்தான் முதல் எதிரி என்றால் அமிட்ரிப்டிலின். ட்ரெப்பிலின் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். மனச்சோர்வுக்குத் தரும் அளவில் இங்கே தருவதில்லை. வழக்கமாக 10 மி.கி.யில் தொடங்கி, ஓரிரு வாரத்துக்கு ஒரு முறை 10 மி.கி. கூட்டி, 25 முதல் 50-க்குள் நிறுத்துவார்கள். பெரும்பாலோர் செய்யும் பிழை, படுக்கும்போது விழுங்குவது. அப்படிச் செய்தால் மயக்கம் காலை பத்து மணி வரை இழுக்கும். படுக்க இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு, இரவுச் சாப்பாட்டோடு விழுங்கினால் காலைக் கிறக்கம் குறையும். வாய் வறட்சியும் மலச்சிக்கலும் வரும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அரசுக் கிளினிக்குகளின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இருப்பதால், கையில் காசு இல்லாதவருக்கும் எட்டும்.

வலியோடு மனச்சோர்வோ பதற்றமோ சேர்ந்திருந்தால் டுலோக்ஸெட்டின் பக்கம் தராசு சாயும். காலைச் சாப்பாட்டோடு முதல் வாரம் 30 மி.கி., பிறகு 60. அதற்கு மேல் கூட்டினால் வலி மேலும் குறைவதில்லை, பக்கவிளைவுதான் கூடும். முதல் பத்து, பதினைந்து நாள் குமட்டும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள், தாண்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரல் நோய் உள்ளவருக்கும் தினம் குடிப்பவருக்கும் இது ஆகாது. திடீரென்று நிறுத்தினால் தலைக்குள் மின்சாரம் பாய்வது போலச் சுரீர் சுரீர் என்று இருக்கும். வாரக்கணக்கில் குறைத்தே நிறுத்த வேண்டும். இதோடு டிரமடோல் என்ற வலிமாத்திரை சேர்வதுதான் பெரிய ஆபத்து. வேறு ஒரு டாக்டர் முதுகுவலிக்கு எழுதிக் கொடுத்த டிரமடோல் வீட்டு அலமாரியில் இருந்தால், மருந்தாளரிடம் காட்டாமல் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்து செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தை எல்லை மீற வைத்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று மருத்துவமனை வரை கொண்டுபோகும்.

பிரிகாபலின் விஷயத்தில் மருத்துவ உலகமே ஒத்துப்போகவில்லை. அமெரிக்கா இந்த நோய்க்கென்று முதலில் அனுமதித்தது இதைத்தான், 2007-ல். ஐரோப்பிய மருந்து முகமை இந்த நோய்க்கு அனுமதி தர மறுத்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2021-ல், வேறு காரணம் இல்லாத நாட்பட்ட வலிக்கு இதைத் தொடங்கவே வேண்டாம் என்றது. எங்கள் கணிப்பில் இது மூன்றாவது. எரிச்சலும் மரமரப்பும் முன்னால் நிற்பவருக்கு, மற்ற இரண்டும் ஒத்துக்கொள்ளாதபோது முயன்று பார்க்கலாம். இரவில் சிறிய அளவில் தொடங்குவது நல்லது. தலைசுற்றல், கணுக்கால் வீக்கம், எடை கூடுவது இவையே தொல்லைகள். சர்க்கரை நோயாளிக்கு எடை கூடுவது சின்ன விஷயமில்லை. சிறுநீரகம் பலவீனமானால் அளவைக் குறைக்க வேண்டும். தூக்க மாத்திரை, கோடீன், மது இவற்றோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும்.

எதை எடுத்தாலும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நோட்டில் தினம் மூன்று எண்கள் போதும்: வலி பத்துக்கு எத்தனை, தூக்கம் எத்தனை மணி, நடை எத்தனை நிமிடம். சரியான அளவை எட்டி ஆறு முதல் எட்டு வாரத்தில் இந்த மூன்றும் அசையவில்லையென்றால், அந்த மருந்து உங்களுக்கானதல்ல.

விலைபற்றி: தென்னாப்பிரிக்காவில் மருந்தின் அடிப்படை விலை எல்லா மருந்தகத்திலும் ஒன்றுதான், மேலே சேர்க்கும் மருந்தகக் கட்டணம்தான் மாறும். ஆகவே கடை கடையாக அலைவதைவிட, லிரிக்காவுக்கும் (பிரிகாபலின்) சிம்பால்டாவுக்கும் (டுலோக்ஸெட்டின்) ஜெனரிக், அதாவது அதே மருந்தை வேறு பெயரில், கேட்பதே அதிகம் மிச்சம் பிடிக்கும். ஃபைப்ரோமயால்ஜியா மெடிக்கல் எய்டு எனும் மருத்துவக் காப்பீடுகளின் கட்டாய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இல்லை. பெரும்பாலும் செலவு அந்தக் காப்பீட்டின் சேமிப்புக் கணக்கிலிருந்தே போகும். அதை மாத்திரையிலும் ஸ்கேனிலும் கரைத்துவிட்டு, ஆகஸ்ட் மாதம் பயிற்சிக்குப் போகப் பணமில்லை என்று நிற்பது இங்கே வாடிக்கை.

நடை, தண்ணீர், தை சி

எந்தப் பயிற்சி சிறந்தது என்ற சண்டையில் அதிகம் சாரமில்லை. தண்ணீரில் செய்வதும் தரையில் செய்வதும் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன. மெதுவான அசைவுகளால் ஆன சீனப் பயிற்சியான தை சியையும் ஏரோபிக் பயிற்சியையும் 226 பேரிடம் ஒப்பிட்டு 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் தை சி குறைந்துபோகவில்லை, சில அளவீடுகளில் முந்தியது. 24 வாரம் செய்தவர்கள் 12 வாரக்காரர்களைவிட மேல். விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதுவே உங்களுக்கு நல்லது.

தோற்பது தொடங்கும் விதத்தில். வலி குறைந்த நாளில் வீடு முழுக்கக் கழுவி, துணி துவைத்து, அடுத்த மூன்று நாள் படுக்கை. பிறகு ‘எனக்குப் பயிற்சி ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற முடிவு. இதைத் தவிர்க்க, மிக மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவில் தொடங்குங்கள். அது ஐந்து நிமிட நடையாக இருந்தாலும் சரி. நல்ல நாளிலும் அந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கடினமான விதி இதுதான். வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினால் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வலி இரண்டு புள்ளி ஏறி மறுநாளுக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் கவலை இல்லை. வராவிட்டால் நிறுத்தாமல், அளவைப் பாதியாக்குங்கள். இருபது, முப்பது நிமிடத்தை எட்டியபின் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை எட்டு முறை சேர்க்கலாம். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

பீச் ஃப்ரண்ட் நடைபாதை சமதளம், காசில்லை. நார்த் பீச்சில் சனிக்கிழமை காலை நடக்கும் பார்க்ரன் ஐந்து கிலோமீட்டர். பெயரில் ஓட்டம் இருந்தாலும் நடந்தே முடிப்பவர்கள் ஏராளம். ஆனால் அது ஆறாம் மாத இலக்கு, முதல் வாரத்துக்கானதல்ல.

தண்ணீருக்கு ஒரு சாதகம்: உடல் எடை குறைந்தது போல இருப்பதால், தரையில் பயப்படுபவரும் அங்கே அசைவார். அதற்கு 32 முதல் 34 டிகிரி சூடு இருந்தால் நல்லது. நம் கடலும் வெப்பமூட்டாத பொதுக் குளங்களும் அந்தச் சூட்டை எட்டாது, குளிர்காலத்தில் இன்னும் குளிர். ஜூலையில் இறங்கினால் தசை விறைத்துக்கொண்டு வலி கூடும். வெப்பமூட்டிய சிகிச்சைக் குளம் உள்ள இடத்தை விசாரியுங்கள், இல்லாவிட்டால் கோடையில் மட்டும் தண்ணீர், மற்ற மாதங்களில் நடை.

பிசியோதெரபிஸ்ட்டா, பயோகைனெட்டிஸ்ட்டா? இரண்டாவது வகையினர் இந்த நாட்டுக்கே உரியவர்கள் என்று சொல்லலாம். பயிற்சியை மருந்துபோல அளந்து கொடுப்பதே அவர்கள் தொழில். புதிதாகப் பிடித்துக்கொண்ட கழுத்துக்கும் தோளுக்கும் பிசியோ. வருடக்கணக்கான ஃபைப்ரோமயால்ஜியாவுக்குப் பயோகைனெட்டிஸ்ட். வாரம் ஒரு முறை போவதைவிட, மாதம் ஒரு முறை போய்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு வீட்டில் செய்தால் சேமிப்புக் கணக்கு தாங்கும்.

வெந்நீர், எண்ணெய், டீப் ஹீட்

வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கும், நோயை மாற்றாது என்று தெரிந்தே செய்தால் இவை நல்லவை. காலை விறைப்புக்குப் பதினைந்து நிமிட வெந்நீர்க் குளியலுக்கு ஈடு இல்லை. குளித்த கையோடு கை காலை அசைத்துவிடுங்கள், அந்த இளக்கம் வீணாக வேண்டாம். நல்லெண்ணெயை இளஞ்சூடாகத் தேய்ப்பது சரி. ஆயா பலம் கொண்ட மட்டும் மிதித்துப் பிசைவது சரியில்லை. மறுநாள் உடம்பு முழுக்க ரணமாகும். டீப் ஹீட் களிம்பு தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் தோல் வெந்துபோகும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இந்தக் களிம்புகளை உடம்பெல்லாம் பூசக் கூடாது. தோல் வழியாகவே ரத்தத்தில் சேரும்.

பொடி, பொட்டலம், சிபிடி எண்ணெய்

மஞ்சள் பால் உணவாக இருக்கட்டும். அமுக்கரா (அஸ்வகந்தா) தூக்கத்துக்குச் சிலருக்கு உதவலாம், ஆனால் தைராய்டு மாத்திரை எடுப்பவரும் கர்ப்பிணியும் தொடக் கூடாது. அரிதாக ஈரலையும் கெடுக்கும். ஆயுர்வேத மருத்துவர், அக்குபங்சர் செய்பவர் என்று யாரிடம் போனாலும் அலைடு ஹெல்த் கவுன்சிலில் பதிவு எண் கேளுங்கள். பற்பம், செந்தூரம் என்றால் பாதரசம், ஈயம் பற்றியும் கேளுங்கள்.

பெயர் ஒட்டாத பொட்டலத்தில் இரண்டே நாளில் வலி பறந்தால் மகிழ்ச்சியைவிடச் சந்தேகம் வர வேண்டும். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சர்க்கரை அளவு திடீரென்று ஏறினால் அந்தச் சந்தேகம் வலுக்கும். இன்னொரு சாத்தியமும் உண்டு. ஸ்டீராய்டு ஃபைப்ரோமயால்ஜியாவைக் குணப்படுத்தாது. ஐம்பது வயதைத் தாண்டியவருக்குத் தோளும் இடுப்பும் அப்படிச் சட்டென்று இளகினால், வந்திருந்தது பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற வேறொரு அழற்சி நோயாக இருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெயில், மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கச் சட்டம் அனுமதிப்பது நாளைக்கு 20 மி.கி. வரைதான். இந்த நோய்க்கு அந்த அளவு பலன் தரும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. போதைப் பழக்கத்துக்குத் தரப்படும் நால்ட்ரெக்ஸோனைக் குறைந்த அளவில் எடுப்பது பற்றியும் பேச்சு பலமாக இருக்கிறது. டென்மார்க்கில் 6 மி.கி. கொடுத்துப் பார்த்த சோதனையில் வெற்று மாத்திரையைவிட வலி தெளிவாகக் குறையவில்லை. இரண்டுக்கும் செலவிடுவதைப் பயோகைனெட்டிஸ்ட்டுக்குச் செலவிடலாம்.

புரட்டாசியும் காவடியும்

பிரிகாபலினும் டுலோக்ஸெட்டினும் பெரும்பாலும் காப்ஸ்யூல்கள், அந்த உறை பொதுவாக விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின். புரட்டாசியில் இது தெரியவந்து ஒரே நாளில் நிறுத்துபவர்கள் உண்டு. வலி திரும்பி, தூக்கம் போய், விரதமே பாரமாகிறது. உறையைப் பிரித்து டுலோக்ஸெட்டின் மணிகளை மெல்வதும் பொடிப்பதும் கூடாது, வயிற்று அமிலம் மருந்தைக் கெடுத்துவிடும். அமிட்ரிப்டிலின் மாத்திரையில் அந்த உறைச் சிக்கல் இல்லை. காவடிக்கு ஒருவேளைச் சாப்பாடு என்றால், டுலோக்ஸெட்டினை அந்த ஒருவேளையோடு சேர்த்துவிடலாம். நேரத்தைச் சில நாள் முன்பிருந்தே மெல்ல நகர்த்துங்கள். மருந்தை மாற்றவோ குறைத்து நிறுத்தவோ வேண்டுமானால் வாரங்கள் பிடிக்கும், ஆகவே டாக்டரிடமும் மருந்தாளரிடமும் இந்தப் பேச்சை ஆடி மாதமே எடுத்துவிடுங்கள்.