பணமா, பொருளா, நேரமா: காப்பகத்துக்கு எதைக் கொடுக்கலாம்?

வீடில்லாதவர்கள் இரவு தங்கும் காப்பகமோ, பசித்தவர்களுக்குச் சாப்பாடு போடும் அமைப்போ பக்கத்தில் இருக்கிறது. ஏதாவது செய்ய வேண்டும் என்று மனது சொல்கிறது. பணமாகக் கொடுக்கலாம், பொருளாகக் கொடுக்கலாம், நேரில் போய் வேலை செய்யலாம். எந்த வழியில் கொடுக்கிறோம் என்பது பெரும்பாலும் ஏன் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே அலசுகிறேன்.

பலரும் முதலில் நினைப்பது பொருளைத்தான். போர்வை, துணிமணி, மளிகை. கொடுத்தது கண்ணுக்குத் தெரியும், வேறு எதற்கும் திருப்பிவிட மாட்டார்கள் என்ற தைரியமும் இருக்கும். கொடுத்துவிட்டு வரும்போது மனது நிறைந்துவிடும். பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990-ல் எழுதியது இந்த நிறைவைப் பற்றித்தான்: அடுத்தவர் கஷ்டம் தீர வேண்டும் என்பதற்காக மட்டும் நாம் கொடுப்பதில்லை, கொடுக்கும்போது நமக்குள் உண்டாகும் இதத்துக்காகவும் கொடுக்கிறோம். இதில் ஒரு தப்பும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மறுபடியும் கொடுக்க வைப்பதும் அந்த இதம்தான்.

சிக்கல் வாங்கிக்கொள்ளும் பக்கம் வருகிறது. வந்து குவிவதைப் பிரிக்க ஆள் வேண்டும், வைக்க இடம் வேண்டும், காலாவதித் தேதி பார்க்க வேண்டும். அலமாரியை ஒழித்துத் தருகிற பழைய சட்டைகள் நிறைய வரும். புதிதாக வாங்கித் தர வேண்டிய உள்ளாடை, காலுறை, சானிட்டரி நாப்கின் போன்றவை அந்த அளவுக்கு வராது. காப்பகத்தில் சீக்கிரம் தீர்ந்துபோவதோ இவைதான்.

இந்தப் பொருத்தமின்மை எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. ஃபீடிங் அமெரிக்கா என்று இன்று அழைக்கப்படும் உணவு வங்கிகளின் கூட்டமைப்பு, நன்கொடையாக வந்த உணவை முன்பு வரிசைப்படி ஒவ்வொரு வங்கிக்கும் ஒதுக்கிவந்தது. உருளைக்கிழங்கு விளைந்து கிடக்கும் ஐடஹோ மாநிலத்துக்கே உருளைக்கிழங்கு போய்ச் சேரும் நிலைமை இருந்தது. 2005-ல் சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்களின் உதவியோடு முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு கற்பனைப் பணம் கொடுத்து, வேண்டியதை ஏலம் கேட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தேவை என்ன என்பது அந்தந்த இடத்தில் இருப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்ற எண்ணம்தான் அதன் அடிப்படை.

பணம் கொடுப்பதும் அதைத்தான் செய்கிறது. முடிவை அவர்கள் கையில் விடுகிறது. மொத்தமாக வாங்கும்போது நாம் கடையில் தருவதைவிட விலையும் குறையும். ஆனால் பணம் கொடுக்கும்போது அந்த இதம் அவ்வளவாக வருவதில்லை. நம் பணம் மின்கட்டணத்துக்கோ, குழாய் பழுதுபார்க்கவோ, சம்பளத்துக்கோ போகலாம் என்று நினைத்தாலே பலருக்குக் கை பின்வாங்குகிறது. என்னைக் கேட்டால், சம்பளத்துக்குப் போகட்டும். இரவெல்லாம் விழித்திருக்கும் ஒரு காவலர் இருந்தால்தான் அங்கே ஒரு பெண் பயமில்லாமல் தூங்க முடியும். போர்வை மட்டும் அதைச் செய்யாது.

பணத்தின் பலவீனம் நம்பிக்கை. உள்ளூர் அமைப்பு இங்கேதான் உதவுகிறது. போய்ப் பார்க்கலாம், கணக்குக் கேட்கலாம், ரசீது வாங்கலாம். 1972-ல் பீட்டர் சிங்கர் என்ற தத்துவ அறிஞர், துன்பப்படுபவர் தூரத்தில் இருக்கிறார் என்பதால் நம் கடமை குறையாது என்று வாதிட்டார். அதை நான் ஏற்கிறேன். பக்கத்தில் இருப்பவரின் பசி தூரத்தில் இருப்பவரின் பசியைவிடப் பெரிதில்லை. ஆனால் பக்கத்தில் கொடுக்கும்போது தவறு நடந்தால் தெரியவரும், கேட்கவும் முடியும்.

பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கத் தோன்றுவதற்கு முகம் தெரிவதும் ஒரு காரணம். 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். பசியின் புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் கொடுத்தது 1.14. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள்கூட 1.43-தான் கொடுத்தார்கள். இது தெரிந்துதான் பல அமைப்புகள் முகங்களைக் காட்டுகின்றன. சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஒருவரை நிறுத்திப் படம் எடுத்துப் போடும் இடத்துக்கு நான் கொடுக்க மாட்டேன். பசித்து வந்தவர் தன் முகத்தை விலையாகக் கொடுக்கக் கூடாது.

நேரம் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாராவாரம் வருபவர் பெரிய பலம். விசேஷ நாளில் ஒருமுறை கூட்டமாக வந்து பரிமாறிவிட்டுப் போவது பெரும்பாலும் அவர்களுக்குக் கூடுதல் வேலை. மருத்துவம், சட்டம், கணக்கு, மின்வேலை தெரிந்தவர்கள் மட்டும் தயங்காமல் கேட்டுப் பார்க்கலாம்.

சரி, என் தேர்வு: மாதாமாதம் ஒரு சின்னத் தொகை, அதோடு அவர்கள் கேட்கும் பொருள் மட்டும். விசேஷ காலத்தில் குவிகிற நன்கொடை மற்ற மாதங்களில் வற்றிவிடும். வாடகையும் பசியும் எல்லா மாதமும் இருக்கும்.

அப்புறம், பக்கத்தில் இரண்டு காப்பகங்கள் இருந்தால் எதற்குக் கொடுப்பது? உள்ளே இருப்பவர்கள் அடுத்து எங்கே போகிறார்கள் என்று விசாரியுங்கள். பின்லாந்து 2008-ல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கி, பழைய காப்பகங்களைச் சொந்த வாடகை ஒப்பந்தத்தோடு தங்கும் வீடுகளாக மாற்றியது. முதலில் வீடு, மற்ற உதவிகள் அதற்குப் பிறகு. அங்கே வீடற்றோர் எண்ணிக்கை குறைந்தது. அதனால், படுக்க இடம் மட்டும் தரும் காப்பகத்தைவிட, அடையாள அட்டை வாங்கவும் வேலை தேடவும் வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டவும் உதவும் காப்பகத்துக்கே நான் கொடுப்பேன்.