டுர்சோ, ஹெர்பி, பீன் அனிமல்: கரண்ட் போகும் ஊருக்கு எந்தக் குழாய்?

மட்டக்களப்பில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களோடு பேசினால் பேச்சு மீனில் தொடங்கி, எப்படியோ தரை நனைந்த கதையில் வந்து நிற்கும். என் கதை ஒரு மார்கழி இரவில் நடந்தது. கரண்ட் போயிற்று. எழும்பிப் பார்க்கச் சோம்பல். விடியற்காலை ஹோலில் கால் வைத்தால் சளக் என்றது. தரையில் 40 லீட்டராவது இருக்கும். நல்ல தண்ணீர் என்றால் துடைத்துவிட்டுப் போகலாம். இது கடல்நீர், அதுவும் மாரி காலம். முகத்துவாரத்தால் வாவி வெள்ளம் இறங்கும் நாட்களில் கல்லடிக் கரையில் அள்ளும் தண்ணீரில் உப்பு குறைவு, அடர்த்தி கடலுக்குரிய 1.025 காட்டாது. மழை விடும்வரை கேன்களில் பிடித்து வைத்ததை நம்பித்தான் இருக்கவேண்டும்.

அதற்குப் பிறகு, மேல் தொட்டியிலிருந்து கீழே சம்ப் என்னும் துணைத் தொட்டிக்குத் தண்ணீர் இறக்கும் டுர்சோ, ஹெர்பி, பீன் அனிமல் என்ற மூன்று குழாய் முறைகளையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துவிட்டேன். இறங்கிய தண்ணீரைப் பம்ப் மறுபடி மேலே ஏற்றும். சத்தம், செலவு, இடம் என்று பலரும் பலதை வைத்து ஒப்பிடுவார்கள். எனக்கு முதல் கேள்வி ஒன்றுதான்: ஆளில்லாத வீட்டில் கரண்ட் போய் வந்தால் தொட்டி தானாகப் பழைய நிலைக்குத் திரும்புமா?

அதற்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பம்ப் ஏற்றுவதும் குழாய் வடிப்பதும் சரிசமமாக இருக்க வால்வை எவ்வளவு திறப்பது என்று புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்பார்கள். அப்படிக் கையால் சமன் செய்ய ஒன்றும் இல்லை. பம்ப் எவ்வளவு ஏற்றுகிறதோ அவ்வளவுதான் மேலே வழியும், வழிந்ததுதான் கீழே இறங்கும். வடிகுழாயில் வால்வு இருப்பது அதற்குள் காற்று நுழையாமல் பார்க்க. இறக்குவதற்கும் ஒரு பம்ப் போட்டால் என்ன என்று ஒரு தம்பி கேட்டார். போடவே கூடாது. இரண்டு பம்ப்புகள் ஒருநாளும் ஒரே அளவில் ஓடாது. ஏதாவது ஒரு தொட்டி வழிந்தே தீரும்.

என் தொட்டி 120 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 50 உயரம், 300 லீட்டர். சம்ப் வழியாக மணிக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு ஓடினால் போதும், அதாவது 900 முதல் 1500 லீட்டர். பவளத்துக்குத் தேவையான வேகமான நீரோட்டத்தை உள்ளே இருக்கும் வேவ்மேக்கர் கொடுக்கட்டும். அதையும் சம்ப் பம்ப்பிலேயே எடுக்கப் பார்த்தால் குழாய்கள் கூச்சல் போடும்.

சரி, முதலில் டுர்சோ. ஒரே ஒரு நிமிர்ந்த குழாய், தலையில் வளைவு, அதன் மூடியில் காற்றுக்கு ஒரு சின்னத் துளை. தண்ணீரும் காற்றும் கலந்தே இறங்கும். வால்வு தேவையில்லை, தொட்டிக் கண்ணாடியில் ஒரு துளை போதும், சாமானும் மலிவு. கரண்ட் வந்தால் எந்தத் தயக்கமும் இல்லாமல் மறுபடி ஓடத் தொடங்கும். குறை சத்தம்தான். ஒரு இஞ்சிக் குழாயில் மணிக்கு ஆயிரம் லீட்டரைத் தாண்டும்போதே களகள என்று பிடித்துக்கொள்ளும். மாமி முதல் நாள் கேட்டது, "என்ன மனே, வீட்டுக்குள்ள மழையா?" ஆனால் எனக்குச் சத்தத்தைவிடப் பெரிய பயம் வேறு. ஒரு நத்தை அந்த ஒற்றைக் குழாய்க்குள் போய் அடைத்தால் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது.

ஹெர்பியில் இரண்டு குழாய்கள். ஒன்று முழுக்க நீருக்குள் மூழ்கி, காற்றே இல்லாமல் நீர் நிரம்பி உறிஞ்சி இறக்கும் சைபனாக ஓடும். மற்றது அதைவிட உயரமாக, காய்ந்தபடி, அவசரத்துக்கு நிற்கும். ஒரு இஞ்சிக் குழாய் சைபனாக ஓடினால் மணிக்கு 3000 லீட்டருக்கு மேல் உறிஞ்சும். எனக்குத் தேவை அதில் பாதி. அதனால் வால்வால் நெரிக்கவேண்டும். நெரித்தது சரியாக அமைந்தால் பக்கத்தில் நின்றாலும் சத்தம் கேட்காது. சரியாக அமைவதுதான் பாடு. பம்ப்பில் கொஞ்சம் அழுக்குப் பிடித்து வேகம் குறைந்தால் சைபன் காற்றை இழுத்துக் குறட்டை விடும். வால்வில் பாசி படிந்தால் நீர்மட்டம் ஏறி அவசரக் குழாயில் கொட்டும். என் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வால்வைத் தொடாமல் இருந்ததில்லை.

பீன் அனிமலில் மூன்று. சைபன் ஒன்று, அவசரத்துக்கு ஒன்று, நடுவில் காற்றும் நீரும் மெல்லச் சொட்டும் திறந்த குழாய் ஒன்று. இந்த நடுக்குழாயில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. பம்ப் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்த வித்தியாசத்தை அது வாங்கிக்கொள்ளும், சைபன் கலையாது. அதன் தலையிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக்குழாயை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே திறந்து வைத்திருப்பார்கள். சைபன் அடைத்து மட்டம் ஏறினால் அந்த வாய் மூழ்கும், காற்று நிற்கும், நடுக்குழாயே சைபனாக மாறிப் பாரத்தைத் தூக்கும். அவசரக் குழாய் அதற்கும் பிறகுதான். குறை என்றால் கண்ணாடியில் மூன்று துளை, குழாய்கள் நிற்கும் வடிகால் பெட்டிக்கு அதிக இடம். தொட்டி ஒட்டுமுன்பே துளைகளைப் போட்டுவிடச் சொல்லுங்கள். டெம்பர் செய்த, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடியில் துளை போட்டால் நொறுங்கிவிடும்.

கரண்ட் திரும்பி வரும்போது ஹெர்பியும் பீன் அனிமலும் ஒரே இடத்தில் இடறக்கூடும். சைபன் குழாயின் கீழ்நுனி சம்ப் தண்ணீரில் ஆழமாக மூழ்கி இருந்தால் குழாய்க்குள் அடைபட்ட காற்று வெளியேறாது, சைபன் பிடிக்காது. நுனியை ஒரு இஞ்சிக்குமேல் மூழ்க விடாதீர்கள். எனக்கு இது தெரியவர ஒரு மாதம் ஆயிற்று.

துளை போடாமல் தொட்டியின் விளிம்பில் மாட்டும் வளைகுழாய்ப் பெட்டியும் இருக்கிறது. அதன் உச்சியில் நாளடைவில் குமிழிகள் சேர்ந்து சைபன் அறும். பம்ப் மட்டும் ஏற்றிக்கொண்டே இருக்கும். நான் வாங்கமாட்டேன்.

இனி ஹாட்வெயார் கடை. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ, பல சுற்றுத் திருப்பி மெல்ல மெல்லத் திறக்கும் கேட் வால்வு கேட்டால் பித்தளையைத்தான் எடுத்து வைப்பார்கள். கடல்நீருக்கு அது ஆகாது. பித்தளையிலிருந்து செம்பு கரையும், இறாலும் நத்தையும் பவளமும் சாகும். பிவிசி கேட் வால்வுக்குக் கொழும்பிலிருந்துதான் சொல்லி எடுத்தேன். சாதாரண பிவிசி பால் வால்வு எங்கும் கிடைக்கும், ஆனால் கால் சுற்றிலேயே திறந்து மூடிவிடுவதால் நுணுக்கமாகத் திருப்ப முடியாது. ஹெர்பிக்கு அது பெரிய இடைஞ்சல். பீன் அனிமலில் தாராளமாகச் சமாளிக்கலாம். நடுக்குழாய் பிழையை மன்னித்துவிடும். இன்னொன்று: இங்கே ஒரு இஞ்சி என்று விற்கும் குழாயின் வெளிவிட்டம் 32 மில்லிமீட்டர், அமெரிக்க ஒரு இஞ்சிக் குழாய்க்கு 33.4. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தரும் சாமான்களோடு இங்குள்ளவை பொருந்தாது.

அந்த மார்கழி இரவுக்கு வருகிறேன். அன்று குற்றம் வடிகுழாயில் இல்லை. பம்ப் தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருந்தது. பம்ப் நின்றதும் அதே குழாய் பின்னோக்கி உறிஞ்சியது. என் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 6 லீட்டர், பத்துக்கு 60. வடிகால் பெட்டியிலும் குழாய்களிலும் இருந்தது இன்னொரு பத்து. சம்ப்பில் இருந்த வெற்றிடமோ 30 லீட்டர்தான். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு போடலாம் என்பார்கள். சுண்ணாம்போ நத்தையோ அதன் நாக்கில் உட்கார்ந்தால் அது மூடாது. வாயை நீர்மட்டத்தோடு ஒட்ட உயர்த்தி, பின்னோக்கி உறிஞ்சும்போது காற்று நுழைந்து அது அறுந்துவிட, குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டேன். அந்தத் துளை அடைக்காமல் இருக்க வாரம் ஒருமுறை பல்தூரிகையால் தேய்க்கவேண்டும்.

பம்ப்பில் ஏசியா டிசியா என்பது இதற்கு அடுத்த சண்டை. ஏசி மலிவு, ஆண்டுக்கணக்கில் ஓடும். டிசியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், பற்றரியிலும் ஓட்டலாம். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தபோது நான் ஏசிதான் வைத்திருந்தேன். மீனைக் காப்பாற்றியது பற்றரியில் ஓடிய சின்னக் காற்றுப் பம்ப். நம் ஊர் வெக்கையில் சூடான தண்ணீர் ஒக்சிசனைக் குறைவாகவே தாங்கும், அந்த நேரத்தில் சம்ப் ஓடுவதைவிட மேற்பரப்பு கலங்குவதுதான் முக்கியம்.

இப்போது என் வீட்டில் பீன் அனிமல், ஏசி பம்ப். இடமில்லாதவர்களும் சிறு தொட்டிக்காரர்களும் டுர்சோவோடு மணிக்கு 800 லீட்டரில் நிம்மதியாக இருக்கலாம், மேலே தண்ணீர் நுழையும் வாய்க்கு நத்தை போகாதபடி வலை மட்டும் மாட்டுங்கள். ஹெர்பியை யாருக்கும் சொல்வதில்லை. சம்ப்பின் வெளிக் கண்ணாடியில் சிவப்பு டேப் ஒன்று ஒட்டியிருக்கிறேன். பம்ப் ஓடும்போது தண்ணீர் அதற்கு மேல் இருக்கக்கூடாது. ஆவியான தண்ணீருக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது வீட்டில் மகனின் வேலை. டேப் ஒட்டுமுன் அவன் விளிம்புவரை நிரப்பிவிடுவான்.