அச்சிட்ட எலும்பா, தயார் மூட்டா, சொந்த எலும்பா?

அக்கா மகனுக்கு முழங்காலுக்கு மேலே வீக்கம். நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவியதிலேயே ஒரு மாதம் போய்விட்டது. இரவில் வலி கூடினால் தடவக்கூடாது, உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது குலசேகரத்தில் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்டியோசர்கோமா, அதாவது எலும்புப் புற்றுநோய் என்று முடிவு வந்தது. இப்போது பெரும்பாலும் காலை எடுப்பதில்லை. கட்டியோடு எலும்பை வெட்டிவிட்டு வேறொன்றை வைக்கிறார்கள். எதை வைப்பது என்பதுதான் கேள்வி. சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்துக்கு அலைந்த மாதங்களில் விளங்கியதை எழுதுகிறேன்.

3D பிரிண்டரில் அச்சிட்ட எலும்பு என்றதும் எங்களுக்கும் அதுதான் உயர்ந்தது என்று தோன்றியது. ஸ்கேன் படத்தை வைத்து அவரவர் அளவுக்கு வடிவமைத்து, டைட்டானியம் பொடியை லேசராலோ எலக்ட்ரான் கற்றையாலோ அடுக்கடுக்காக உருக்கிச் செய்கிறார்கள். எலும்பைத் தொடும் பக்கம் பஞ்சுபோல நுண்துளைகள் இருக்கும். அதற்குள் நம் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். இடுப்பெலும்பு, தோள்பட்டை எலும்பு மாதிரி கோணல்மாணலான இடங்களுக்கு இது உண்மையிலேயே பெரிய வரம். கட்டி மூட்டைத் தொடாமல் நின்றிருந்தால் சொந்த மூட்டையே காப்பாற்றவும் உதவும்.

ஆனால் செய்து வரச் சில வாரங்கள் ஆகும். அறுவைக்கு முந்தைய கீமோ சுமார் 10 வாரம் என்பதால் அந்தக் காலத்திலேயே செய்துவிடலாம், சரி. அதற்குள் கட்டி பெருத்துவிட்டால்? அளவெடுத்துச் செய்தது பொருந்தாது.

ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் உலோக மூட்டுதான் தயார் மூட்டு. அதில் அந்தப் பயம் இல்லை. துண்டு துண்டாக வருவதால், கூடுதலாக வெட்ட நேர்ந்தால் இன்னொரு துண்டைச் சேர்த்து நீளத்தைச் சரிசெய்யலாம். முழங்காலையே மாற்றுவதென்றால் அச்சிட்டதானாலும் தயார் மூட்டானாலும் அசையும் இடத்தில் அதே உலோகமும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கும்தான், நாளானால் தேயும். கிருமித்தொற்று பயமும் இரண்டிலும் உண்டு. குத்தவைத்து உட்காரவும் முடியாது. ரப்பர் வெட்டிப் பிழைக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

மூன்றாவது, வெட்டிய எலும்பையே சுத்தப்படுத்தி, புற்றணுக்கள் சாவதற்காக உடம்புக்கு வெளியில் வைத்து ஒரே தடவையில் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுத்தோ திரவ நைட்ரஜனில் உறையவைத்தோ திரும்பப் பொருத்துவது. செலவு குறைவு, வடிவமும் அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் ஒட்டப் பல மாதம் ஆகும், அதுவரை காலை முழுதாக ஊன்றக்கூடாது, முறியவும் வாய்ப்புண்டு. கட்டி அரித்து எலும்பு வலுவிழந்திருந்தால் இந்த வழியே கிடையாது.

சின்னப் பிள்ளைகளுக்கு வளர வளர நீட்டும் மூட்டு உண்டு. அது தனிக் கணக்கு. இவனுக்கு வயது 17.

மூட்டு வரை கட்டி வந்துவிட்டதால் நாங்கள் தயார் மூட்டையே எடுத்தோம். இடுப்பெலும்பாக இருந்திருந்தால், கடன் வாங்கியாவது அச்சிட்டதைத்தான் கேட்டிருப்பேன். இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். வீட்டில் கக்கூஸை மட்டும் வெஸ்டர்னாக மாற்றியிருக்கிறோம்.