அனுமதிக் கணக்கா, நிறைவுச் சான்றிதழா?

நகரம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை அளக்க இரண்டு கணக்குகள் உண்டு: கட்டத் தொடங்கும் முன் வாங்கும் கட்டட அனுமதி, கட்டி முடித்தபின் வாங்கும் நிறைவுச் சான்றிதழ். கட்டட அனுமதி முந்திக்கொண்டு பேசும். சிமென்ட், கம்பி, கொத்தனார் தேவை எப்படிப் போகும் என்பதை இன்றே காட்டிவிடும். பொருளாதாரம் போகும் திசையை முன்கூட்டியே காட்டும் அமெரிக்காவின் முன்னோட்டப் பொருளாதாரக் குறியீட்டில் புதிய வீடுகளுக்கான அனுமதிகளையும் சேர்த்திருப்பது இதனால்தான்.

ஆனால் அனுமதி வாங்கிய எல்லோரும் கட்டுவதில்லை. வட்டி ஏறினால் வரைபடம் அலமாரியில் தூங்கும். கட்டண உயர்வுக்கு முன் குவியும் விண்ணப்பங்கள் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கும். ஓர் அனுமதியில் ஒரு வீடும் இருக்கலாம், இருநூறு குடியிருப்புகளும் இருக்கலாம். இதைப் பிரித்துக் காட்டாத புள்ளிவிவரத்தை நான் நம்புவதில்லை.

நிறைவுச் சான்றிதழ் தாமதமாகவே வரும். எண்ணுவதோ குடியேறத் தயாரான வீட்டை மட்டும். (சான்றிதழ் வாங்காமலே குடியேறுவோர் விடுபடுவது வேறு கதை.)

குடிநீர்க் குழாய்க்குத் திட்டமிடுபவருக்கு முன்னது வேண்டும்; வாடகை குறையுமா என்று காத்திருப்பவருக்குப் பின்னதையே காட்டுவேன்.