மொட்டைமாடிக்கு எது: தட்டோடா, வெள்ளைப் பூச்சா, எக்ஸ்.பி.எஸ். நுரைப் பலகையா?

மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறந்த கையோடு ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை, நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஒற்றைத் தள வீட்டில் சூட்டின் பெரும்பங்கு மேல்தளம் வழியாகத்தான் இறங்கும். ஆகவே மிச்சமிருக்கும் பணத்தை முதலில் மாடியில் போடுங்கள்.

குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன விதியாக 2018இல் வந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா', கூரையின் யு மதிப்பை 1.2-க்குள் வைக்கச் சொல்கிறது. அதாவது வெளிக்கும் உள்ளுக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் சூடு கடக்கக் கூடாது. வெறும் 6 அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு அது 3.3 அளவில் வரும்.

தட்டோட்டுக்கு அடியில் போடும் கலவைக்கு 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12.5 பங்கு. கட்டையால் அடித்து இறுக்கி 4 அங்குலம் போட்டாலும் யு மதிப்பு 2-ஐ ஒட்டியே நிற்கும். சதுர அடிக்கு 15 கிலோ பாரமும் கூடும். இப்போது அடிக்க ஆள் இல்லையென்று பலர் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் கலக்கிறார்கள். அது விறைத்து வெடிக்கும். வெடிப்பில் இறங்கும் மழைநீரை ஜல்லி குடித்துக்கொள்ளும். ஈர ஜல்லி சூட்டை இன்னும் வேகமாகக் கடத்தும், எங்கே ஒழுகுகிறது என்றும் காட்டாது.

வெள்ளைப் பூச்சுதான் மலிவு. பூசிய அன்றே வித்தியாசம் தெரியும். ஆனால் அது வெயிலைத் திருப்பி அனுப்புகிறதே ஒழிய யு மதிப்பைக் குறைப்பதில்லை. புழுதி படியப் படியப் பலனும் குறையும். கழுவவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பூசவும் வேண்டும். ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு இதுவே போதும்.

புது வீட்டுக்கு எங்கள் தேர்வு 40 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை, அதாவது சூட்டைத் தடுக்கும் பாலிஸ்டைரீன் நுரைப் பலகை. யு மதிப்பு 0.6 அளவுக்கு இறங்கும், பாரமும் சொற்பம். வரிசை தவறினால்தான் வம்பு: முதலில் தண்ணீர் வடிய வாட்டம், பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு, மூன்று நாள் தண்ணீர் கட்டிச் சோதனை, அதன் பின்னரே பலகை. பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் அந்தக் கோட்டில் சூடு இறங்கும். தின்னர் கலந்த பசை பலகையைக் கரைத்துவிடும். வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் பலகை நெளியும். மேலே கோழிவலை வைத்து 2 அங்குலக் கான்கிரீட், பத்தடிக்கு ஒரு விரிவு இணைப்பு, அதன்மேல் வெள்ளை ஓடு. அந்த ஓடே வெள்ளைப் பூச்சின் வேலையையும் பார்த்துவிடும்.

சுவரில் 9 அங்குலச் செங்கலின் யு மதிப்பு 2 அளவு. 8 அங்குல ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) 0.8-ஐ ஒட்டி. செலவு கட்டுப்படாவிட்டால் மேற்குச் சுவருக்கு மட்டும் பிளாக் வையுங்கள்.

2018 சம்ஹிதா விதி 500 சதுர மீட்டர், அதாவது சுமார் 12 சென்ட் மனையிலிருந்துதான் பேசுகிறது. சின்ன வீட்டுக்குப் பசுமைக் கட்டடச் சான்று வேண்டுமென்றால் இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தின் (ஐ.ஜி.பி.சி.) கிரீன் ஹோம்ஸ் அல்லது சிறு கட்டடங்களுக்கான ஸ்வகிரிஹா. எதுவானாலும் கடைக்கால் தோண்டும் முன்பே பதிவு செய்யுங்கள். பலகையை மூடும் முன் அளவு டேப் வைத்துப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். கான்கிரீட் மூடிய பிறகு உள்ளே இருப்பதைக் காட்ட வேறு வழி கிடையாது.