பந்தயக் குதிரையில் பங்கா, சவாரிச் சோடியா?

கொழும்பிலுள்ள மைத்துனர், நுவரெலியாவில் ஓடும் குதிரையொன்றை நால்வராகச் சேர்ந்து வாங்கலாம் என்று சென்ற சித்திரைக்கு முன்னர் என்னை அழைத்தார். அதே வேளையில் கிளிநொச்சிப் பக்கம் மாட்டு வண்டிச் சவாரிப் போட்டியில் ஓடும் நல்ல காளைச் சோடியொன்று விலைக்கு வந்திருந்தது. நான் சோடியையே வாங்கினேன். அது இப்போது திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் எங்கள் வயல் வளவில் நிற்கிறது. ஆகவே என் சாய்வு எப்பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

வேகத்தையும் அழகையும் பற்றி விவாதமில்லை. ஓட்டம் முடிந்து திரும்பிய குதிரையின் முதுகில் வாளித் தண்ணீரை ஊற்றியதும், மலைக் குளிரில் அதன் உடம்பெங்கும் ஆவி எழுந்ததை நுவரெலியாவில் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். எந்த மாடும் அப்படியொரு காட்சியைத் தராது.

ஆனால் ஓடுவதற்குத் திடல் வேண்டும். 1956 இற்குப் பின் கொழும்புத் திடலில் பந்தயம் நின்றுபோனதால், நுவரெலியாவின் சித்திரைப் பருவமே உள்ளூர்ப் பந்தயத்தின் உயிர்நாடியாக இருக்கிறது. சிங்கப்பூரில் 1843 இல் தொடங்கிய பந்தயம் 2024 ஒக்டோபர் 5 ஆம் திகதியுடன் முடிவுற்றது. சீனாவின் மக்காவ் நகரும் அதே ஆண்டில் பந்தயத்தைக் கைவிட்டது. சென்னையில் கிண்டித் திடல் குத்தகைப் பிணக்கில் 2024 செப்டெம்பரில் முத்திரையிடப்பட்டது. இதற்கு மாறாக, ஹொங்கொங் தனக்கு வேண்டிய குதிரைகளை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்தும் செழிக்கிறது. பந்தயப் பணம் அங்கே ஒரே கழகத்தின் வழியாகப் பரிசுத் தொகையாகத் திரும்புகிறது. நம் நாட்டு புக்கிக் கடைகளில் மாலையில் கூடுவோரோ இங்கிலாந்துக் குதிரைகளின் மீது பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தால் நுவரெலியாவில் ஒரு லாயமும் எழாது.

என் முடிவைத் தீர்மானித்தது ஓட்டம் ஓய்ந்த பின் வரும் காலமே. பந்தயக் குதிரை பெரும்பாலும் எட்டு வயதுக்குள் ஓய்ந்துவிடும், ஆனால் 25 வயது வரை உயிர் வாழும். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள அந்த உயிருக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும், நாளொன்றுக்குப் பத்துக் கிலோவளவு தீனி வேண்டும். நான்கு முதல் ஆறு கிழமைக்கொரு முறை குளம்பு சீவி லாடம் மாற்ற வேண்டும். காயடித்த குதிரையாயின் இனவிருத்திக்கும் உதவாது. பெட்டையாயினும் இங்கே அதற்கேற்ற பண்ணைச் சந்தை இல்லை. சரி, திருகோணமலைக்குக் கொண்டுவந்து கடற்கரையில் சவாரி விடலாமே என்றார் மைத்துனர். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அனலாய் வீசும் ஊர் இது. வெக்கையும் ஈரப்பதனும் மிகுந்த இடங்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வியர்க்காத குதிரையின் உடற்சூடு ஆறாது. அதற்கு நிழலும் விசிறியும் தண்ணீரும் கொடுத்துக் காப்பதற்கு எங்கள் வளவில் வசதியில்லை.

சவாரி மாடு ஓய்ந்தால் வண்டியில் பூட்டலாம். வைக்கோலும் தவிடும் வயலிலிருந்தே கிடைக்கின்றன. சவாரி நடக்கும் ஊர்களிலேயே வாங்குவோரும் உண்டு. வாங்குபவர் வண்டிக்காரரா இறைச்சிக் கடைக்காரரா என்பதை விற்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வேறு கதை.

சோடியிலும் குறையுண்டு. வாங்கிய மூன்றாம் மாதமே வலத்தன், அதாவது வலப்பக்கம் பூட்டும் மாடு, காலை நொண்டியது. காட்டாமல் விற்ற பழைய காயம் என்று பின்னரே தெரிந்தது. ஆணி பொருத்திய தடியால் குத்துவோரும் திடலில் உண்டு. பிரித்தானியாவில் தடைகளற்ற குதிரை ஓட்டத்தில் ஆறு தடவைக்கு மேல் சாட்டையைப் பயன்படுத்தும் ஜொக்கிக்குத் தண்டனை உண்டு. எங்கள் திடலில் எண்ணுவாரில்லை. தவிர, நான் சோடி வைத்திருப்பது ஓராண்டு மட்டுமே, குதிரை வளர்த்ததும் இல்லை. லாயச் செலவெல்லாம் கேட்டறிந்த அளவில்தான் எனக்குத் தெரியும்.

ஓய்ந்த குதிரையை எந்தப் பங்காளி பொறுப்பேற்பது என்று ஒப்பந்தத்தில் எழுதித் தந்தால் அடுத்த முறை சேர்கிறேன் என்று மைத்துனரிடம் சொல்லியிருக்கிறேன். அதன் பின் அவர் குதிரைப் பேச்சை எடுக்கவில்லை.